மண்ணா, முதுகா?



உழவு நிலைக்க முதலில் காக்க வேண்டியது மண்ணையா, உழைக்கிற உடம்பையா? இதுதான் தலைப்பு. நான் உடம்பு என்று பேச வந்திருக்கிறேன். என் உடம்பைப் பார்த்துத்தான் இந்த அணியிலே போட்டார்களோ என்னவோ! (சிரிப்பு)

முன்னால் பேசிய நண்பர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். உழுவதைவிட எருப் போடுவது நல்லதுன்னு வள்ளுவரே சொல்லிட்டார், அதனாலே மண்தான் பெரிசு என்றார். ஐயா, குறளைப் பாதியிலே நிறுத்தலாமா? அதே குறளில் களையெடுப்பும் வருகிறதே! களை என்ன, தானாக எழுந்து வரப்பிலே போய் உட்காருமா? அதற்கு ஒருத்தி குனிய வேண்டும்.

நான் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். எதிர்வீட்டுப் பாட்டி ஓடி வந்து, "டாக்டராயிட்டியாமே ராசா, இடுப்புக்கு ஒரு ஊசி போடேன்" என்றாள். (சிரிப்பு) நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால், பின்னால் என் அம்மா நிற்கிறாள். அவளும் இடுப்பில்தான் கை வைத்திருந்தாள். நடவுக்கும் களைக்கும் போய் என்னைப் படிக்க வைத்தவள். எனக்குப் பட்டம் வந்தபோது அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பெருமையால் அல்ல நடுவர் அவர்களே, முதுகு வரவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம். அங்கே லெட்டூஸ் கீரைத் தோட்டங்களில் மெக்சிகோவிலிருந்து வந்த கூலிகளுக்குக் குட்டைப் பிடி போட்ட கொத்து ஒன்றைக் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு முழப் பிடி. பொழுதுக்கும் மடங்கித்தான் கொத்த வேண்டும். நீளப் பிடி கேட்டால், "பயிர் கெட்டுப் போகும்" என்றார்கள் பண்ணைக்காரர்கள். உள்ளே இன்னொரு வசதியும் இருந்தது. எவன் நிமிர்ந்து நிற்கிறானோ அவன் வேலை செய்யவில்லை என்று மேஸ்திரி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்! தொழிலாளர்கள் போராடினார்கள், வழக்காடினார்கள். 1975-ல் அந்தக் கொத்துக்குத் தடை வந்தது. கீரை கெட்டுப் போச்சா? இன்றைக்கும் அங்கே லெட்டூஸ் அமோகமாக விளைகிறது.

இனிதான் முக்கியமான இடம், எதிரணி நண்பர்கள் கவனிக்க வேண்டும். கொத்துதானே தடை, வெறுங்கையால் பிடுங்கச் சொன்னால்? அதே குனிவுதான். அதையும் அந்த மாநிலம் 2004-ல் கட்டுப்படுத்தியது. ஆனால் ஒரு விலக்கு வைத்தது. யாருக்குத் தெரியுமா? இயற்கை வேளாண்மைப் பண்ணைகளுக்கு! மண்ணிலே விஷம் விழக்கூடாதாம், சரி. அதற்கு விலை இன்னொருவன் முதுகா? (கைதட்டல்)

களைக்கொல்லியை நானும் எதிர்க்கிறேன். ஆனால் நம் ஊர் வயலில் அது எந்த வழியாக நுழைந்தது? களைக்கு ஆள் வரவில்லை என்ற வழியாக. ஆள் ஏன் வரவில்லை? கூலியும் ஒரு காரணம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா இடுப்பைப் பார்த்து வளர்ந்த பெண் வயலில் இறங்குவாளா?

சரி, வழி இருக்கா? இருக்கு. திருந்திய நெல் சாகுபடி. 1980-களில் மடகாஸ்கர் தீவில் ஒரு பாதிரியார் உருவாக்கிய முறை அது. 25 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று, வரிசை பிடித்து நடவு. இடையில் கோனோவீடர் என்கிற உருளைக் கருவியை நின்றுகொண்டே முன்னும் பின்னும் தள்ளலாம். களை சேற்றில் அமுங்கி அங்கேயே மக்கி எருவாகிறது, வேருக்குக் காற்றும் போகிறது. நண்பர் கேட்ட எரு, நான் கேட்ட முதுகு, இரண்டும் ஒரே கருவியில்!

உடனே ஊருக்குப் போய் எங்கள் சித்தியிடம் இதை அளந்தேன். சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அது தெரியும் தம்பி, தள்ளியும் பார்த்தாச்சு. பிடி என் நெஞ்சுக்கு வருது. சேத்துல கனம் இழுக்குது, சாயங்காலம் தோள்பட்டை கழண்டு போகுது. உங்க சித்தப்பா உயரத்துக்குல்ல செஞ்சிருக்காங்க! களையெடுக்கிறது அவரா, நானா?" (கைதட்டல்)

எனக்கு வாயடைத்துவிட்டது. பிடியில் நாலு துளை போட்டு, உயரத்தை ஏற்றி இறக்க ஒரு திருகு வைக்க எவ்வளவு செலவாகும்? உருளையைக் கொஞ்சம் இலேசாகச் செய்தால் என்ன? மூட்டைக்கும் இதே கதிதான். ஒரு ஆண் சுமக்கக் கூடியது அதிகபட்சம் 55 கிலோ என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்துவிட்டது. நம் களத்து மேட்டில் அதற்கப்புறமும் எத்தனை வருஷம் 75 கிலோ நெல் மூட்டையை முதுகில் ஏற்றினோம்!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து வரும் எதிரணி நண்பர் மண்ணைப் பற்றித் தாராளமாகப் பேசட்டும். அதற்கு முன்னால், களையெடுக்கிறது அவரா நானா என்று கேட்ட எங்கள் சித்திக்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் பேசட்டும்.