விளக்குக் கம்பம் யாருடையது?



தெருவிளக்கு எரியவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? கம்பமும் கம்பியும் மின்சார விநியோக நிறுவனத்துக்குரியவை. அதில் மாட்டியிருக்கும் விளக்கைப் பராமரிப்பது மாநகர சபை, அல்லது பிரதேச சபை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் நீர் வழங்கல் சபை. கண்டி வீதியில் குழி விழுந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. உங்கள் ஒழுங்கையில் விழுந்தால் உள்ளூராட்சி சபை. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பற்றிய முறைப்பாட்டோடு பிரதேச சபை வாசலில் நின்று பயனில்லை. அது பிரதேச செயலகத்தின் வேலை. அங்கே இருப்பவர்கள் அரச உத்தியோகத்தர்கள். நாம் வாக்களித்து அனுப்பியவர்கள் அல்ல.

இந்தக் கணக்குத் தெரியாததால் நட்டம் நமக்குத்தான். திருகோணமலையில் உள்ளூராட்சித் தேர்தல் மேடையில் துறைமுகத்தையும் எண்ணெய்க் குதங்களையும் மீட்டுத் தருவதாக ஒருவர் முழங்குகிறார். நாமும் கை தட்டுகிறோம். துறைமுகம் துறைமுக அதிகார சபையின் கையில். குதங்களுக்கான ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கொழும்பு செய்தது. திருகோணமலை மாநகர சபைக்கு இவற்றில் எந்த அதிகாரமும் கிடையாது. அதிகாரம் உள்ள குப்பை, வடிகால், சந்தை, மயானம், நூலகம், கட்டட அனுமதி பற்றி அந்த வேட்பாளரிடம் எவரும் வாய் திறப்பதில்லை. முழங்குபவரைவிட, கேட்காமல் விடுகிற நம்மீதுதான் எனக்குக் கோபம்.

வாக்குச்சீட்டு விஷயமும் அப்படித்தான். உள்ளூராட்சித் தேர்தலில் 2018 முதல் கலப்பு முறை. கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே ஒரு புள்ளடி. விருப்பு வாக்கு இல்லை. ஆசனங்களில் 60 வீதம் வட்டாரங்களில் வென்றவர்களுக்கு, மிச்சம் கட்சிகள் பெற்ற மொத்த வாக்குகளின்படி. ஆகவே உங்கள் வட்டாரத்து வேட்பாளர் தோற்றாலும் உங்கள் வாக்கு வீணாவதில்லை. ஆனால் அந்த மிச்ச ஆசனங்களுக்குக் கட்சிப் பட்டியலிலிருந்து யார் உள்ளே வருவார் என்பதைத் தீர்மானிப்பது கட்சி. மாநகர முதல்வரையும் நாம் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. எந்தக் கட்சிக்கும் பாதி ஆசனம் கிடைக்காவிட்டால் உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். தேர்தலில் ஒருவரையொருவர் திட்டியவர்கள் அங்கே தோளில் கை போடுவதைப் பார்த்து நாம் வாய் பிளக்கிறோம்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. பணமில்லை என்று தேர்தல் நடத்தப்படவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6இல்தான் வாக்களித்தோம். இரண்டு வருடத்துக்கு மேல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். குப்பை வண்டி வந்துகொண்டிருந்ததால் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. வரி மட்டும் கட்டினோம்; அது எங்கே போகிறது என்று சபையில் எழுந்து கேட்க நம் பிரதிநிதி எவரும் இல்லை.

இப்போது சபை இருக்கிறது. உங்கள் வட்டார உறுப்பினர் யார் என்று முதலில் கேட்டறியுங்கள். உங்கள் ஒழுங்கைக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தருவதா மறுப்பதா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.