பல்லைக் கடிக்கும் பிள்ளையும் பூச்சி மருந்தும்



வீடு அடங்கிய பிறகு, தூங்குகிற பிள்ளையின் வாயிலிருந்து நறநறவென்று ஒரு சத்தம் வரும். பக்கத்தில் படுத்திருக்கிறவர்களுக்குத்தான் பல் கூசுமே தவிர, கடிக்கிற பிள்ளைக்கு எதுவும் தெரியாது. காலையில் கேட்டால், "நானா?" என்று சிரிக்கும். நம் ஊரில் இதற்கு அநேகமாக ஒரே தீர்ப்புதான்: "வயித்துல பூச்சி இருக்கு." பாட்டி சொல்வார், எதிர்வீட்டு அக்கா சொல்வார், மருந்துக்கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் பூச்சி மருந்துப் புட்டியை எடுத்து மேசைமேல் வைப்பார். பரம்பரையாக வரும் இந்த வழக்கம் எந்த அளவுக்குத் தேறும் என்று பார்க்கத்தான் இந்த உரை.

வழக்கம் பிறந்த காலத்தை வைத்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. வெறுங்காலோடு மண்ணில் திரிந்த பிள்ளைகள். கழிப்பறை இல்லாத தெருக்கள். கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் இல்லாத வயிறு அபூர்வம். அதனால் வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி விழுங்க வைத்தார்கள். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக வைத்தார்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தாலும், "கழிசடையெல்லாம் போச்சு" என்று வீட்டில் ஒரு நிம்மதி. சின்னக் குழந்தைக்குப் பேதியில் நீர்ச்சத்து இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பது இப்போது நமக்குத் தெரியும். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதையும் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பகுதியை விட்டுவிடலாம். அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

பூச்சி நீக்கம் இன்று அரசின் வேலையாகவே ஆகிவிட்டது. 2015 முதல் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களை ஒட்டி அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 200 மில்லிகிராம், அதற்கு மேல் 400 மில்லிகிராம். ஆனால் ரத்தசோகையையும் சத்துக்குறைவையும் மனதில் வைத்துத் தரும் மாத்திரை அது. பல் கடிப்பதற்காகத் தருவதல்ல.

அப்படியானால் பாட்டி சொன்னது முழுப்பொய்யா? அதுவும் இல்லை. பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு உண்டு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, இல்லை என்று சில சொல்கின்றன. உறுதியான சான்று இன்னும் வரவில்லை. ஆனால் கீரிப்பூச்சி என்று ஒன்று இருக்கிறதே, வெள்ளை நூல் துண்டு மாதிரி, அதில் பெண் பூச்சி ராத்திரியில்தான் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். அந்த அரிப்பில் பிள்ளை புரளும், தூக்கம் அறுபடும். தூக்கம் அறுபட்டால் பல் கடிக்க வழி உண்டு. ராத்திரி அரிப்பு இருக்கிறதா, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் தெரிகிறதா என்று கவனித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். கீரிப்பூச்சி என்றால் வீட்டில் எல்லோரும் மருந்து சாப்பிட வேண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் சாப்பிட வேண்டும், நகம் வெட்ட வேண்டும், படுக்கை விரிப்பைத் துவைக்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் படுப்பது அரைவேலை. அரிப்பே இல்லாத பிள்ளைக்கு மாதாமாதம் ஊற்றுவதோ, வீண்வேலை.

பல் கடிக்கும் நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? ஆழ்ந்த தூக்கத்தில் இது குறைவு. மேலோட்டமான தூக்கத்தில்தான் பெரும்பாலும் வரும். மூளை ஒரு நொடி விழிப்பை நோக்கி எழும்பும், இதயத் துடிப்பு சற்று வேகமெடுக்கும், அதன் பின்னாலேயே தாடைத் தசை இறுகித் தாளம் போடும். கண் திறப்பதில்லை. ஆரோக்கியமான பிள்ளைகளிலும் இது வெகு சாதாரணம். வளர வளரப் பெரும்பாலும் தானாகக் குறையும். ஆகையால் உலுக்கி எழுப்ப வேண்டாம். "பல்லைக் கடிச்சா குடும்பத்துக்கு ஆகாது" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லவும் வேண்டாம். தெரியாமல் நடப்பதற்குத் திட்டு வாங்கும் பிள்ளை, அந்தக் கவலையையும் சேர்த்துப் படுக்கைக்குக் கொண்டுபோகும்.

நம் வீடுகள் கோட்டைவிடும் இடம் வேறு. பல் சத்தத்துக்குப் பயப்படுகிற அதே வீடு, குறட்டைச் சத்தத்தைக் கேட்டுப் பூரித்துப் போகிறது: "பாரு, அசந்து தூங்குறான்!" பிள்ளை தினமும் குறட்டை விடுவது நல்ல தூக்கத்துக்கு அடையாளமில்லை. தொண்டையில் டான்சிலும், மூக்கின் பின்புறம் அடினாய்டும் வீங்கி மூச்சுவழியை நெருக்கினால், மூச்சுக்காகவே மூளை அடிக்கடி எழும்பும். கூடவே பல்லும் நறநறக்கும். அந்த அடைப்பை அறுவை செய்து நீக்கிய பிறகு பல பிள்ளைகளுக்குப் பல் கடிப்பதும் குறைந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாய் திறந்தபடி தூங்குவது, இடையில் மூச்சு நின்று திணறுவது, தலையணை வியர்வையில் நனைவது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வருவது: இவை பல் கடிப்போடு சேர்ந்து வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கத் தள்ளிப்போடக் கூடாது. ராத்திரி ஐந்து நிமிடம் செல்போனில் பதிவு செய்துகொண்டு போனால், நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அவருக்கு அது அதிகம் சொல்லும்.

இன்னொரு பரம்பரைச் சொத்தும் நம்மிடம் உண்டு. அதற்குத்தான் நான் முழு மதிப்பெண் தருவேன். விளக்கை அணைத்து, தூளியை ஆட்டி, ஒரே ராகத்தைத் திரும்பத் திரும்பப் பாடித் தூங்கவைத்தார்களே, அந்தக் கலை. தூளியை விட்டு வளர்ந்த பிள்ளைக்கு இருட்டில் ஒரு கதை. தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை என்பதுதான் அதன் பலம். இன்றைய தூக்க மருத்துவமும் இதையேதான் சொல்கிறது. பேதி மருந்தை மறக்காத நாம், இதை எப்படியோ நழுவவிட்டோம். இப்போது சீரியல் முடிந்து, சாப்பாடு முடிந்து, கையில் செல்போனோடு பிள்ளை கண்ணயரப் பத்தரை. காலை ஏழரைக்குப் பள்ளி வேன். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை. கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள். ஜூன் மாதம் எல்கேஜி சேர்ந்த புதிதிலும், தம்பிப் பாப்பா பிறந்த வீட்டிலும் பல் கடிக்கும் சத்தம் கூடினால் ஆச்சரியமில்லை. அந்த நாட்களில் பிள்ளையோடு படுத்துப் பத்து நிமிடம் பேசுவது எந்தப் புட்டி மருந்தையும்விட மேல்.

பல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பால்பற்கள் 20, அவற்றின் மேல்பூச்சு நிலைப்பல்லைவிட மெல்லியது, அதனால் கொஞ்சம் தேயத்தான் செய்யும். காலையில் தாடை வலி, தலைவலி, குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூச்சம், உடைந்த முனை என்று தெரிந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரியவர்களுக்குத் தரும் பல் உறையைச் சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாலும் தருவதில்லை, தாடை வளர்ந்துகொண்டிருக்கிறதே. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே, கடைசியில் நாலு கடைவாய்ப்பற்கள் முளைக்கும். பால்பல்தானே என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுவார்கள். அவை நிலைப்பற்கள், விழுந்தால் மாற்று முளைக்காது. பல் கடிப்பது அந்த வயதைத் தாண்டியும் தொடர்ந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நாலையும் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.