சுகாதாரத் துறை எழுதாத ஆணைகள்



ஒரு நோய்க்கான அரசுத் திட்டம் சுகாதாரத் துறையின் கோப்பில் பிறந்து மருத்துவமனையில் போய் முடிகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். எச்ஐவி விஷயத்தில் கதை வேறு. பால்புதுமையினரின் உடல்நலத்தை இந்த நாட்டில் பெரிய அளவில் புரட்டிப்போட்ட முடிவுகளைத் தேடிப் போனால், பல உள்துறையிலும் நிதித்துறையிலும் எடுத்தவை. ஒன்றிரண்டு வெளிநாட்டில் எடுத்தவை. சுகாதாரத் துறைக்குப் பெரும்பாலும் சிந்தியதை அள்ளும் வேலைதான் வாய்த்தது. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஆணைகளைப் பற்றி.

சென்னையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூரில் சோதித்தபோது, இந்தியாவுக்குள் எச்ஐவி வந்துவிட்டது என்பது உறுதியானது. அந்த மாதிரிகள் எங்கே கிடைத்தன? போலீஸ் பிடித்துவந்த பெண்களை அடைத்து வைத்திருந்த மயிலாப்பூர் காப்பகத்தில். ஆக, இந்தக் கிருமியை இந்திய அரசு முதன்முதலில் சந்தித்ததே காவல்துறையின் கதவு வழியாகத்தான்.

நல்ல செய்தியும் இங்கிருந்துதான் போனது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவானது. நாட்டிலேயே அப்படி ஒன்று அதுதான் முதல். அரசுத் துறையாக இல்லாமல் ஏன் சங்கமாகப் பதிந்தார்கள்? கருவூலத்துக்குப் போன பணம் எப்போது திரும்பி வரும் என்று அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பில் போட வேண்டும், ஆட்சேபணைக்குப் பதில் எழுத வேண்டும், மார்ச் 31 வந்தால் மிச்சம் காலாவதி. சங்கம் என்றால் பணம் நேராக வரும், நேராகப் போகும். இந்த ஏற்பாடு வேலை செய்ததைப் பார்த்து, 1999-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத் தேசியத் திட்டத்தில் மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

அந்தப் பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பூங்காவிலும் பேருந்து நிலையத்தின் பின்புறத்திலும் ஒருவர் நிற்பார். தோள்பையில் ஆணுறை, வழுவழுப்புப் பசை, எச்ஐவி சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் முகவரிச் சீட்டு. அவரும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்தான். கோத்தியாகவோ, அதாவது ஆண்களை விரும்பும் பெண்மைச் சாயலுள்ள ஆணாகவோ, திருநங்கையாகவோ இருப்பார். யார் புதிதாக வந்திருக்கிறார், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார், யாருக்கு வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது, தெரியவும் வாய்ப்பில்லை. திட்டத்தில் இவரை ‘பியர் எஜுகேட்டர்’ என்பார்கள். சம்பளம் என்றுகூடச் சொல்ல முடியாது, மதிப்பூதியம்தான். மொத்தத் திட்டமும் நிற்பது இவர் காலில்.

2001 ஜூலையில் லக்னோவில் இப்படிப்பட்ட பணியாளர்கள் நான்கு பேரைப் போலீஸ் கைது செய்தது. விழிப்புணர்வுப் புத்தகங்களை ஆபாசம் என்று பறிமுதல் செய்தார்கள். தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, சதித்திட்டம் என்று வழக்குப் பாய்ந்தது. 47 நாள் ஜாமீன் இல்லாமல் சிறையில் கிடந்தார்கள். அரசே அங்கீகரித்த தடுப்புப் பணியை அரசின் இன்னொரு கையே குற்றம் என்று பிடித்துப் போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள், எச்ஐவி களத்தில் இருந்த நாஸ் அறக்கட்டளை 377-ஐ எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இது உரிமை வழக்காகப் புகழ் பெற்றது உண்மை. ஆனால் வழக்கைத் தொடுத்தவர்கள் சுகாதாரப் பணியாளர்கள் என்பது இப்போது பலருக்கு மறந்துவிட்டது.

அந்த வழக்கில் மத்திய அரசு தாக்கல் செய்த ஆவணங்களைச் சட்ட மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். உள்துறை தன் வாக்குமூலத்தில், சமூகம் ஏற்கவில்லை, சட்டம் இருக்கட்டும் என்றது. 2006 ஜூலையில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, அதாவது நாக்கோ, நேர் எதிராகச் சொன்னது: ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் சுமார் 25 லட்சம் பேர், அவர்களிடையே எச்ஐவி 8 சதவீதத்துக்கு மேல், பொது மக்களிடம் 1 சதவீதத்துக்கும் கீழ், இந்தச் சட்டம் அவர்களை ஒளிந்துகொள்ள வைக்கிறது, எங்களால் நெருங்க முடியவில்லை. ஒரே அரசின் இரண்டு துறைகள் முற்றிலும் முரண்பட்டு நிற்பதை நீதிமன்றமே தீர்ப்பில் குறித்தது. 2009 ஜூலை 2-இல், வயது வந்தவர்களின் சம்மத உறவு குற்றமல்ல என்ற அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் முன்பு சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த ஏ.பி. ஷாவும், சென்னையில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிய எஸ். முரளிதரும்.

2013 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. 150 ஆண்டுகளில் இந்தப் பிரிவில் வழக்குக்கு உள்ளானவர்கள் 200 பேருக்கும் குறைவு, ஆகவே பெரிய பாதிப்பு இல்லை என்பது அந்தத் தீர்ப்பில் வரும் ஒரு வாதம். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கும். மிரட்டிப் பணம் பறிப்பதற்கு வழக்குப் போட வேண்டிய அவசியமே இல்லையே! பூங்காவில் பையைத் துழாவி, ‘377 போடட்டுமா’ என்று கேட்டால் போதும், பர்ஸ் காலியாகிவிடும். அடுத்த வாரம் அந்த மனிதர் பூங்காவுக்கு வரமாட்டார், நம்பிக்கை மையத்துக்கும் வரமாட்டார். நீதிமன்றப் பதிவேட்டில் எதுவும் ஏறாது.

2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்றது. நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 10-இல், 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி எய்ட்ஸ் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியில் சொல்லக் கூடாது, வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று நல்ல விதிகள் நிறைய. ஆனால் 14-ஆம் பிரிவில் சிகிச்சை தருவது பற்றிப் பேசும் இடத்தில், ‘இயன்றவரை’ என்ற பொருளில் ஒரு சொற்றொடரைச் செருகிவிட்டார்கள். நோயாளிகளின் அமைப்புகள் அதை அப்போதே எதிர்த்தன.

அந்தச் சொற்றொடரின் விலை 2022-இல் தெரிந்தது. மருந்துத் தட்டுப்பாடு வந்தது. எச்ஐவியோடு வாழ்பவர்கள் டெல்லியில் நாக்கோ அலுவலகத்திலேயே ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். எச்ஐவிக்குச் சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்தில் மாதத்துக்கு ஒரு முறை வாங்கும் மாத்திரையைச் சில இடங்களில் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். காகிதத்தில் பார்த்தால் அது தட்டுப்பாடே அல்ல, ‘மருந்து வழங்கப்பட்டது’ என்றுதான் இருக்கும். மாதத்தில் மூன்று முறை வர நேர்ந்தால், தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது மூன்று நாள் கூலி. வீட்டில் சொல்லாமல் சிகிச்சை எடுப்பவருக்கு மூன்று பொய்.

இதற்கு முன்பே, 2014 வாக்கில், மத்திய அரசு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்களுக்கு நேராகப் பணம் அனுப்புவதை விட்டு, மாநிலக் கருவூலம் வழியாக அனுப்பத் தொடங்கியது. நிதி ஒழுங்குக்காகச் செய்த மாற்றம். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். எந்தச் சிக்கலுக்காகத் தமிழ்நாடு 1994-இல் சங்கம் கண்டதோ அதே சிக்கல் நாடு முழுக்கத் திரும்பி வந்தது. பல மாநிலங்களில் மாதக்கணக்கில் ஊதியம் இல்லை. தோள்பைக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். திரும்ப நிதி வந்தபோது இன்னொருவரை நியமிக்கலாம். முகம் தெரிந்த அந்த ஆளை எந்த ஆணையாலும் வாங்கித் தர முடியாது.

வெளிநாட்டு ஆணைக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே அமெரிக்க அதிபர் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தார். ஐதராபாத், கல்யாண், புனே நகரங்களில் திருநர்களுக்காக அந்தப் பணத்தில் நடந்துவந்த மித்ர் மருத்துவமனைகள் மூடப்பட்டன. ஐதராபாத்தில் 2021-இல் தொடங்கிய அந்த இடத்தில் ஹார்மோன் ஆலோசனை, மனநல உதவி, எச்ஐவி சோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. பின்னர் டாட்டா அறக்கட்டளைகளின் உதவியோடு அது வேறு பெயரில் மீண்டும் திறந்தது. இந்தியா ஏஆர்டி மாத்திரைகளைத் தன் சொந்தப் பணத்தில் வாங்குவதால் ஆப்பிரிக்க நாடுகள் பட்ட பாடு நமக்கு வரவில்லை. ஆனால் மாத்திரைக்கு வெளியே இருந்த அக்கறை, அதாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் வரவேற்பாளர், ஹார்மோன் தெரிந்த டாக்டர், இதெல்லாம் அந்நியப் பணத்தில் நடந்தது என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

தமிழ்நாட்டில் திருநங்கையருக்கு 2008-இல் நலவாரியம் வந்தது. அரசு மருத்துவமனையில் இலவசப் பாலின மாற்று அறுவை சிகிச்சையும் உண்டு. பெருமைதான். இருந்தும் காப்பீட்டுக்கு அடையாளச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் பழைய ஆவணம் வேண்டும். பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடிவந்தவளின் பள்ளிச் சான்று அப்பாவின் பீரோவில் இருக்கிறது.

மனநலத்திலும் இதே பாதைதான். போலீஸ் தொல்லையிலிருந்து பாதுகாப்பு கேட்டு, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு இளம்பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். 2021 ஜூன் 7-இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, பாலீர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று செய்யும் சிகிச்சைக்குத் தடை விதிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஒரு போலீஸ் வழக்கு மனநல மருத்துவத்தைத் திருத்தியது.

சுகாதாரத் துறையை மட்டும் அப்பாவியாக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 2017-இல் வந்த ரத்ததான வழிகாட்டுதல்கள் திருநர், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், பெண் பாலியல் தொழிலாளர்கள் ரத்தம் தருவதை நிரந்தரமாகத் தடுக்கின்றன. தானமாக வரும் ரத்தத்தைச் சோதிக்கிறோம். ஆனால் தொற்றின் ஆரம்ப நாட்களில் சோதனையில் அகப்படாது என்ற கவலை உண்மையானது. அதற்காகத்தான் பிரிட்டன் 2021-இலும் அமெரிக்கா 2023-இலும் எந்தப் பிரிவினர் என்று கேட்பதை விட்டு, ஒவ்வொருவரிடமும் அண்மைக்கால நடத்தையைக் கேட்கும் முறைக்கு மாறின. இங்கே அந்த விதியை எதிர்த்து 2021-இல் உச்ச நீதிமன்றத்துக்கு மனு போனது. 2023-இல் மத்திய சுகாதார அமைச்சகம் தடைக்கு ஆதரவாக வாக்குமூலம் தாக்கல் செய்தது. நாக்கோ அந்த அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. 2006-இல் அது என்ன எழுதியது என்பதை மனுதாரர் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் உச்ச நீதிமன்ற அமர்வின் முன் படித்துக் காட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.