கிணற்றில் பெட்ரோல்

2013-இல் தண்டையார்பேட்டையில் சில வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

வடசென்னைக் கதைதானே என்று மயிலாப்பூரும் தி.நகரும் சும்மா இருந்துவிட முடியாது. நம் தெருமுனை பெட்ரோல் பங்கின் தொட்டியும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது. தினமும் அளவுகோலை இறக்கி, இருப்பை விற்பனைக் கணக்கோடு ஒப்பிடுகிறார்களே, அதுதான் முதல் காவல். கணக்கு தொடர்ந்து உதைத்தால் கசிவைத் தேடியே ஆக வேண்டும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. நிலத்தடி நீரின்மேல் மிதந்து பரவும். அதிலுள்ள பென்சீன் ஓரளவு நீரில் கரையும். அது புற்றுநோய் தரும் பொருள்.

சுத்தம் செய்யும் செலவு யார் தலையில்? வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: இழப்பீடு மட்டுமல்ல, கெட்டுப்போன சூழலைச் சீராக்கும் செலவும் மாசுபடுத்தியவருடையதே.

உங்கள் போர் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடித்தால், காய்ச்சிக் குடிக்கலாம் என்று அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மோட்டாரைப் போடாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே எழுதிக் கொடுங்கள்.