பழைய டிராக்டர்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

(விவசாயக் கடன் வழங்கும் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் வேளாண் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

டிராக்டர் கடன் கேட்டு உங்கள் முன் வந்து அமரும் விவசாயி, பெரும்பாலும் ஒரு முடிவோடுதான் வருகிறார். "பழைய வண்டி இனி உழைக்காது, புதியது வாங்கியாக வேண்டும்" என்பதே அம்முடிவு. அது சரியானதா என்று ஆராய்வது நமது வேலையன்று எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் கடனுக்கு ஈடாக நிற்பது பல வேளைகளில் அவருடைய நிலம். அவசரப்பட்டு வாங்கிய இயந்திரத்தின் தவணை, அந்த நிலத்தின் விளைச்சலிலிருந்துதான் கட்டப்பட வேண்டும். இதற்கு நேர்மாறாக, மாற்ற வேண்டிய வண்டியை மாற்றாமல் விட்டால், விதைப்புப் பருவத்தின் நடுவே அது நின்றுவிடும். நட்டம் அப்போதும் நிலத்தின் தலையில்தான் விழும். எனவே இந்த முடிவைக் கணக்கிட்டு எடுக்க அவருக்கு உதவுவது நமது கடமையின் ஒரு பகுதியே ஆகும்.

பற்றாக்குறைக் காலமும் பெருக்கக் காலமும்

நமது நாட்டில் இந்தக் கேள்வி எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. 1956-இல் இராஜஸ்தானத்தின் சூரத்கரில் சோவியத் இயந்திரங்களைக் கொண்டு மத்திய அரசுப் பண்ணை தொடங்கப்பட்டபோது, இந்தியாவில் ஓடிய டிராக்டர்கள் யாவும் வெளிநாட்டவையே. 1959-இல் பரீதாபாதில் ஐஷர் நிறுவனம் உள்நாட்டு உற்பத்தியைத் தொடங்கிற்று. துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வடிவமைப்பைக் கொண்டு, பஞ்சாப் மாநிலத்தில் 1974-இல் 'ஸ்வராஜ்' டிராக்டர் உற்பத்தியாகி வெளிவந்தது. அக்காலத்தில் புது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு நெடுநாள் காத்திருக்க வேண்டும். ஆகவே பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர விவசாயிக்கு வேறு வழி இருந்ததில்லை. கிராமத்துப் பட்டறைகளும் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் பெருகியதற்கு அந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம்.

இன்று நிலைமை மாறிவிட்டது. எண்ணிக்கையில் பார்த்தால் உலகிலேயே மிக அதிகமாக டிராக்டர் உற்பத்தி செய்யும் நாடு இந்தியாவே. விற்பனையாளர் வீட்டு வாசலுக்கே வருகிறார், கடனும் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான சரக்கு சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே நாளில் டிராக்டர் டயர் உள்ளிட்ட பல பாகங்களின் வரியும் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாயிற்று. அதாவது, புதிய வண்டியும் மலிந்தது. பழைய வண்டியைச் செப்பனிடுவதும் மலிந்தது. வரிக் குறைப்பை மட்டும் காரணமாகக் காட்டி எந்தப் பக்கமும் சாய இயலாது.

பஞ்சாபின் மோகா, தல்வண்டி சாபோ போன்ற ஊர்களில் பழைய டிராக்டர்களுக்கென்றே சந்தைகள் கூடுகின்றன. அங்கே விற்பனைக்கு வருபவை எல்லாம் உழைத்துத் தேய்ந்த வண்டிகள் அல்ல. கடனில் வாங்கிய புது வண்டியை, வேறு செலவுக்குப் பணம் தேவைப்பட்டுச் சில நாட்களிலேயே குறைந்த விலைக்கு விற்றுச் செல்வோரும் உண்டு என்பது அம்மாநிலத்தில் பலரும் அறிந்த செய்தி. வண்டி கைமாறிவிடும், கடன் மட்டும் அவர் பெயரிலேயே நிற்கும். தேவையின்றி வாங்கப்படும் டிராக்டர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எது தேய்ந்தது?

"வண்டிக்கு வயதாகிவிட்டது" என்ற சொல் நமக்குப் போதாது. எது தேய்ந்தது என்று கேட்க வேண்டும். டிராக்டரின் ஆயுளைப் பத்து ஆண்டுகள் அல்லது 10,000 மணி நேரம் எனப் பாடநூல்கள் கொள்வது வழக்கம். அது தேய்மானம் கணக்கிடுவதற்கான ஓர் அளவுகோலே தவிர, இயந்திரத்தின் இறுதி நாள் அன்று. ஆண்டுக்கு 400 மணி நேரமே ஓடிய வண்டி, பத்தாண்டு முடிவில் 4,000 மணி நேரம்தான் உழைத்திருக்கும்.

புகைபோக்கியே முதற் சான்று சொல்லும். கரும்புகை தொடர்ந்து வந்தால், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், நாசில் பழுதாகியிருக்கலாம், வண்டியின் சக்திக்கு மீறிய பளு ஏற்றப்பட்டிருக்கலாம். இவை சிறு செலவில் தீர்பவை. நீலப்புகை வந்து, எஞ்சின் ஆயிலும் அடிக்கடி குறைந்தால், பிஸ்டன் ரிங்குகளோ லைனர்களோ வால்வு வழிகளோ தேய்ந்துள்ளன என்று பொருள். இதற்கு எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால், கேஸ்கட் முதல் வெடித்த சிலிண்டர் பிளாக் வரை எதுவும் காரணமாக இருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் விலை பேசலாகாது.

எஞ்சின் மட்டும் தேய்ந்திருந்தால், புது லைனர், பிஸ்டன், பேரிங்குகள் இட்டு, கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து, டீசல் பம்பையும் சரிசெய்து மீண்டும் பல பருவங்கள் ஓட்டலாம். ஆனால் எஞ்சினோடு கியர் பாக்ஸும் பல் தேய்ந்து நழுவுகிறது, ஹைட்ராலிக் தூக்கி பளுவைத் தாங்காமல் இறங்குகிறது, பின் டயர்களும் மழுங்கிவிட்டன என்றால் கதை வேறு. எஞ்சினுக்குச் செலவிட்ட மறு ஆண்டே கியர் பாக்ஸ் கை நீட்டும். அதற்கடுத்த ஆண்டு டயர். இந்தச் செலவுகளைத் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியதாகவே தோன்றும். ஆகையால் பட்டறையில் ஒரே முறையாக முழுவண்டிக்கும் மதிப்பீடு எழுதி வாங்கி வரும்படி விவசாயியிடம் சொல்லுங்கள்.

கணக்கு பேசட்டும்

இனிக் கணக்கிற்கு வருவோம். நான் சொல்லும் தொகைகள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. உங்கள் பகுதி விலைகளை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய வண்டியின் விலை ரூ. 7 இலட்சம் என்றும், பத்தாண்டு கழித்து அது ரூ. 2 இலட்சத்திற்கு விலைபோகும் என்றும் கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் ரூ. 50,000. இரு தொகைகளின் சராசரியான ரூ. 4.5 இலட்சத்திற்கு 10 சதவீத வட்டி ரூ. 45,000. காப்பீடு, கொட்டகை முதலியவற்றுக்கு ரூ. 10,000, பராமரிப்புக்கு ரூ. 15,000. ஆக ஆண்டொன்றுக்கு ரூ. 1,20,000.

பழைய வண்டி இன்று ரூ. 2 இலட்சத்திற்கு விலைபோகும். அதனை ரூ. 1 இலட்சம் செலவில் முழுமையாகச் செப்பனிட்டு நான்கு ஆண்டு ஓட்டினால், முடிவில் ரூ. 1.4 இலட்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். விற்றுவிடாமல் வைத்திருப்பதால், அதன் இன்றைய விலையும் முதலீடே. ஆகவே முதலீடு ரூ. 3 இலட்சம், ஆண்டுத் தேய்மானம் ரூ. 40,000, சராசரி ரூ. 2.2 இலட்சத்திற்கு வட்டி ரூ. 22,000, இதர பழுதுகளுக்கு ரூ. 25,000, காப்பீடு முதலியவற்றுக்கு ரூ. 5,000. மொத்தம் ரூ. 92,000. புதிய வண்டியைவிட மணிக்கு அரை லிட்டர் டீசல் கூடுதலாகக் குடிக்கிறது என்றால், ஆண்டுக்கு 400 மணி நேரத்தில் 200 லிட்டர், லிட்டர் ரூ. 90 வீதம் ரூ. 18,000. இதையும் சேர்த்தால் ரூ. 1,10,000. பழைய வண்டியே ரூ. 10,000 மலிவு.

அதே வண்டி வாடகைக்கும் ஓடி, ஆண்டுக்கு 800 மணி நேரம் உழைத்தால்? கூடுதல் டீசலுக்கே ரூ. 36,000 ஆகும், மொத்தம் ரூ. 1,28,000. மணி நேரம் கூடும்போது இரு வண்டிகளின் பழுதுச் செலவும் உயரும். தேய்ந்த வண்டியில் அது வேகமாக உயரும். இப்போது தராசு புதிய வண்டியின் பக்கம் சாய்கிறது. இதிலிருந்து நாம் அறிவது என்ன? முடிவைத் தீர்மானிப்பது வண்டியின் வயதைக் காட்டிலும், அது ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் உழைக்கப் போகிறது என்பதே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "சென்ற ஆண்டுதான் ரூ. 60,000 செலவிட்டேன், இப்போது எப்படி விற்பது?" என்று விவசாயி கேட்பார். அந்தத் தொகை போய்விட்டது. வைத்திருந்தாலும் விற்றாலும் அது திரும்பி வராது. விற்பனை விலையை அது உயர்த்தியிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் கணக்கில் வரும். இனி ஆகப்போகும் செலவே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

பருவம் தவறினால்

காகிதக் கணக்கில் வராத ஒரு செலவும் உண்டு. பஞ்சாபில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பது சில வாரங்களே. நவம்பர் நடுப்பகுதியைத் தாண்டி விதைத்தால், மணி பிடிக்கும் காலம் மார்ச் மாத வெப்பத்தில் சிக்கி விளைச்சல் குறையும். அந்த நாட்களில் கிளட்ச் பிளேட்டுக்காக வண்டி நான்கு நாள் பட்டறையில் நின்றால், நட்டம் கிளட்ச் பிளேட்டின் விலை மட்டுமன்று. வாடகைக்கு வேறு வண்டி தேடினாலும், அதே நாட்களில் எல்லோருக்கும் அது தேவைப்படும். சற்று முன் கண்ட பத்தாயிரம் ரூபாய் மிச்சம், ஓரிரு நாள் முடக்கத்தில் கரைந்துவிடக் கூடும். ஆகவே சென்ற மூன்று ஆண்டுகளில், விதைப்பு நாட்களில் வண்டி எத்தனை நாள் நின்றது என்று அவசியம் கேளுங்கள். பழுது பார்ப்பதென முடிவானால், அதனை வேலையற்ற மாதங்களிலேயே முடித்துவிட வேண்டும்.

தேய்மானத்திற்கு அப்பால்

நன்றாக ஓடும் வண்டியையும் மாற்ற வேண்டிய இரு சூழ்நிலைகள் உள்ளன. முதலாவது, வேலை மாறுவது. வைக்கோலைக் கொளுத்தாமல் நேரடியாகக் கோதுமை விதைக்கும் 'ஹேப்பி சீடர்' போன்ற கருவிகளுக்குச் சுமார் 45 குதிரைத்திறனுக்குக் குறையாத டிராக்டர் தேவை. 35 குதிரைத்திறன் வண்டியை எவ்வளவு செப்பனிட்டாலும் அது 45 ஆகாது.

இரண்டாவது, உதிரி பாகங்கள் கிடைப்பது. அரியானாவின் பிஞ்சூரில் 1971-இல் தொடங்கிய எச்.எம்.டி. டிராக்டர் தொழிற்சாலையை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. உற்பத்தி நின்ற வண்டியை வைத்திருப்பவர், தமக்கு வேண்டிய பாகம் தரமானதாகவும் தாமதமின்றியும் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பெருஞ்செலவில் இறங்க வேண்டும். புதிய வண்டிக்கும் இக்கேள்வி பொருந்தும். 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளுக்கேற்ப மின்னணுக் கட்டுப்பாடு பொருத்தப்பட்ட எஞ்சினை ஊர்ப் பட்டறையில் சுத்தியலும் ஸ்பானரும் கொண்டு மட்டும் சீர்செய்ய இயலாது. பணிமனை எத்தனை மைல் தொலைவில் உள்ளது என்பதும் விலையின் ஒரு பகுதியே.

மூன்றாவது வழி

பழுதுபார்ப்பது, மாற்றுவது ஆகிய இரண்டையும் தவிர மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. சொந்த நிலத்தில் ஆண்டுக்கு 150, 200 மணி நேர வேலையே உள்ள விவசாயி, பழைய வண்டியை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வாடகைக்கு உழுவிக்கலாம். பஞ்சாபில் பல தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள் இயந்திரங்களை வாங்கித் தம் உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் வாடகை மையங்களுக்கு மானியமும் அளிக்கப்பட்டு வருகிறது. ஆனால் ஒன்று: விதைப்பு நாளில் வண்டி வந்து சேரும் என்ற உறுதி இல்லையேல் இந்த யோசனை பயன்படாது. அந்த உறுதியை அளிப்பது உங்களைப் போன்ற சங்கச் செயலாளர்களின் கையில் இருக்கிறது.

சொந்த டிராக்டர் வாசலில் நிற்பது ஒரு கௌரவம் என்று கிராமத்தில் கருதப்படுவதை நான் அறியாமல் இல்லை. அந்த உணர்வை ஏளனம் செய்ய வேண்டாம். அதற்கு ஆண்டுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை மட்டும் அவருக்கு எடுத்துக் காட்டுங்கள்.

நண்பர்களே, இந்தக் கணக்குக்கு வேண்டிய விவரங்கள் பெரும்பாலான வீடுகளில் எழுதி வைக்கப்படுவதில்லை. எனவே உங்கள் சங்கத்தின் ஒவ்வொரு டிராக்டர் உறுப்பினருக்கும் ஒரு குறிப்பேடு கொடுங்கள். ஓடிய மணி நேரம், ஊற்றிய டீசல், மாற்றிய பாகம், அதன் விலை, வண்டி நின்ற நாட்கள் ஆகிய ஐந்தையும் அவர் குறித்து வரட்டும். இரண்டு ஆண்டு கழித்து அவர் கடன் விண்ணப்பத்தோடு வரும்போது, அந்த ஏட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். விற்பனையாளரின் பேச்சும் அண்டை வீட்டாரின் புது வண்டியும் முடிவைத் தீர்மானிக்காமல், அவர் கைப்பட எழுதிய கணக்கே அதனைத் தீர்மானிக்கட்டும்.