பேசுகிற பிள்ளைதான் வாசிக்கும்

(கல்லடியில் நடந்த சங்கக் கல்விக் கருத்தரங்கில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



பதுளையிலிருந்து பிபிலை, செங்கலடி வழியாக பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறோம். எல்லோருக்கும் களைப்பு இருக்கும். அதனால் ஒரு விஷயம் மட்டும் பேசுகிறேன். நம்முடைய பிள்ளைகள் தரம் 5 முடிப்பதற்குள் தட்டுத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும், சொந்தமாக நாலு வரி எழுத வேண்டும் என்றால், முதலில் அவர்களை வகுப்பில் பேச விட வேண்டும்.

நாம் வந்திருக்கும் இந்த மண், பள்ளிக்கூடத்தின் அருமை தெரிந்த மண். சுவாமி விபுலாநந்தர் வளர்த்த சிவானந்த வித்தியாலயம் இந்தக் கல்லடி உப்போடையில்தான் இருக்கிறது. அவருடைய சமாதியும் அங்கேதான். பாலத்தைக் கடந்து நகருக்குள் போனால் மெதடிஸ்த மத்திய கல்லூரி. அது தொடங்கியது 1814 இல்.

நம்முடைய கதை வேறு. தோட்டத்தில் 6 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் துரைமார் படிப்பு வசதி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்ததே 1907 இல்தான். 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. 1960, 61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலைகள் அப்போதும் வெளியே நின்றன. அவற்றை அரசாங்கம் எடுக்கத் தொடங்கியது 1970களில். "தோட்டத்துப் பிள்ளைக்கு மண்டையில் ஏறாது" என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டுகளைச் சொல்லிக் காட்டுங்கள். பிள்ளையின் மண்டையில் கோளாறு இல்லை. பள்ளிக்கூடம் பிந்தி வந்தது, அவ்வளவுதான்.

சரி, வகுப்பறைக்குள் போவோம். லயத்தில் ஓயாமல் பேசுகிற பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஏன்? முதல் நாள் "வூடு" என்று சொல்கிறது. யாரோ சிரிக்கிறார்கள். "வீடு என்று சொல்லு" என்று அதட்டல் வருகிறது. இரண்டு தடவை இப்படி நடந்தால் போதும், மூன்றாம் தடவை பிள்ளை பேசாது. பேசாத பிள்ளையை "அமைதியான பிள்ளை" என்று நாமும் மெச்சுகிறோம்.

இங்கே மட்டக்களப்பில் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். "மறுகா" என்பார்கள். நாம் "பொறவு" என்கிறோம். புத்தகத்தில் "பிறகு" என்று இருக்கிறது. மூன்றும் தமிழ்தான். "பொறவு" என்ற சொல் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் "பிறகு" வரைக்கும் கூட்டிப் போக முடியும். இருக்கிற படியை உடைத்துவிட்டு மேலே ஏறச் சொன்னால் எப்படி ஏறும்?

இது வெறும் பாசப் பேச்சு இல்லை. தமிழ் எழுத்தே அப்படித்தான் அமைந்திருக்கிறது. "பட்டம்" என்பதிலும் "கம்பம்" என்பதிலும் அதே "ப" வருகிறது, ஆனால் ஓசை ஒன்றா? "கடல்", "தங்கம்" இரண்டிலும் ஒரே "க". எந்த இடத்தில் எந்த ஓசை என்று எழுத்து காட்டாது, காதுதான் காட்டும். சொல்லைக் கேட்டுப் பேசிப் பழகிய பிள்ளை சரியாக வாசிக்கும். 247 எழுத்தையும் ஒப்புவிக்கிற பிள்ளை, அந்தச் சொற்களைப் பேசியே பழகாவிட்டால் எழுத்துக்கூட்டிக்கொண்டே நிற்கும்.

அதனால் காலையில் முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் பேச வேண்டும். "நேத்து என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் போதும். ஒரு பிள்ளை "எங்க வூட்டுக் கூரையில கொரங்கு ஏறிச்சு" என்கிறது. அதை அப்படியே கரும்பலகையில் எழுதுகிறோம். தன் வாயிலிருந்து வந்த சொல் எழுத்தாக நிற்பதைப் பார்த்தால் பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிடும். எல்லோரும் சேர்ந்து வாசிக்கிறோம். பிறகு கீழே, "எங்கள் வீட்டுக் கூரையில் குரங்கு ஏறியது" என்று எழுதி, "புத்தகம் இப்படிச் சொல்லும்" என்கிறோம். பேச்சு, வாசிப்பு, எழுத்து மூன்றும் ஒரே குரங்கில் வந்துவிட்டன!

பிரேசில் நாட்டில் பாவுலோ பிரெய்ரே என்ற ஆசிரியர் இதே வழியில் பெரியவர்களுக்குக் கற்பித்தார். 1963 இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரப் பாடத்தில் எழுத வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுடைய வேலையிலும் வாழ்க்கையிலும் இருந்த சொற்களை எடுத்து, அவற்றைப் பற்றிப் பேச வைத்து, பிறகு அசை அசையாகப் பிரித்துக் காட்டினார்கள். நம்மிடம் அப்படிச் சொல் இல்லையா? மலை, லயம், கூடை, கொழுந்து என்று எத்தனை!

இனி தாய்மாருக்கு. கொப்பி நிறைய முத்து முத்தாக எழுதியிருப்பதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது கைக்குத்தான் பழக்கம். கொப்பியை மூடிவிட்டு, "இதில் என்ன எழுதியிருக்கே, சொல்லு" என்று கேளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத அம்மாவும் இதைக் கேட்கலாம். மலையிலிருந்து இறங்கி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுடுகிற நேரத்தில் பிள்ளை பக்கத்தில் இருந்து ஒரு கதை வாசிக்கட்டும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பிள்ளை விளங்கி வாசிக்கிறது. முழித்தால் ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள்.

தோழர்களே, இதைச் சங்க மேடையில் ஏன் பேசுகிறேன்? சம்பளச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். இந்த மாதம் எத்தனை பேர் விழுந்திருக்கிறது, எத்தனை அரைப் பேர், என்னென்ன கழிவு? ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 வீதம், கம்பனியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி 3 வீதம் கட்ட வேண்டும். இதைச் சரிபார்க்க வாசிப்பு வேண்டும். பிழை இருந்தால் கடிதம் கொடுக்க எழுத்து வேண்டும். ஆனால் ஆபீசு வாசலில் நிமிர்ந்து நின்று "ஐயா, இது ஏன் குறைந்தது?" என்று கேட்கப் பேச்சு வேண்டும். ஆறு வயதில் வாயை மூடப் பழக்கிய பிள்ளை, இருபத்தாறு வயதில் பிரட்டுக்களத்தில் எப்படிக் கேள்வி கேட்கும்?

கொழும்புக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் இதே கதைதான். தோட்டத்தை விட்டுப் போனாலும் பழகிய மௌனம் கூடவே போகும்.

ஆகவே சங்கத்திடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் தவணைக்கு ஒரு முறையாவது பாடசாலைக்குப் போக வேண்டும். போய், தரம் 5 புலமைப்பரிசிலில் எத்தனை பேர் சித்தி என்று மட்டும் கேட்காமல், தரம் 3 இல் எத்தனை பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். இரண்டாவது, ஆரம்பப் பிரிவில் ஆசிரியர் வெற்றிடம் இருந்தால் வலயக் கல்வி அலுவலகத்துக்குச் சங்கக் கடிதம் போக வேண்டும். மூன்றாவது, சங்கக் காம்பராவில் ஒரு அலுமாரி கதைப் புத்தகம் வைப்போம். பிள்ளைகள் எடுத்து வாசிக்கட்டும். கிழிந்தால் கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்குப் பாடசாலைக்குப் போனதும், இதுவரை வாய் திறக்காத பிள்ளை யார் என்று பாருங்கள். அந்தப் பிள்ளை எந்தத் தமிழில் பேசினாலும் முழுதாகக் கேளுங்கள். திருத்தம் பிறகு இருக்கட்டும்.