அச்சமும் அன்றாடத் தொழிலும்
(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஏறுமுன் எமது கைகள் குளிர்ந்துவிட்டன, நெஞ்சு படபடத்தது. இதனை மறைக்க நாம் விரும்பவில்லை. ஏனெனில், இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளே அச்சம் பற்றியதாகும். பதகளிப்பு நோயினால் வருந்துவோரை அவர்கள் அஞ்சுவதையே எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சை யாது, அதில் தொழில்வழிச் சிகிச்சையாளரின் பங்கு யாது, வீட்டாரும் அயலாரும் செய்யத்தக்கது யாது என்பவற்றைச் சுருக்கமாகக் கூற முயல்வோம். நாம் வைத்தியரல்லோம், பல்கலைக்கழகத்தில் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மாணவரே. நூல்களிற் படித்ததையும் சொந்த வாழ்விற் கண்டதையுமே இங்கு கூறுகின்றோம். குறை காணின் பெரியோர் பொறுத்தருள்வார்களாக.

அச்சம் இயல்பானது. பாம்பைக் கண்டு விலகுபவனை நோயாளி என்று எவரும் கூறமாட்டார். பரீட்சைக்கு முதல்நாள் நித்திரை குறைவதும் நோயன்று. ஆனால், ஆபத்து இல்லாத இடத்திலும் அச்சம் எழுந்து, அது மாதக்கணக்காக நீடித்து, ஒருவருடைய படிப்பையும் உழைப்பையும் உறவையும் குலைக்குமாயின் அது நோயாகும். 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 30 கோடி மக்கள் இத்தகைய நோய்களுக்கு ஆளாகியிருந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களுள் நால்வரில் ஒருவரளவே சிகிச்சை பெறுகின்றனர் என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. எஞ்சியோர் எங்கே இருக்கின்றனர்? பெரும்பாலும் வீட்டிற்குள்ளே இருக்கின்றனர்.

எம் அனுபவம் ஒன்றைக் கூறுவோம். நாம் கற்ற மிஷன் பாடசாலையில் காலைக் கூட்டத்தின்போது மாணவர் முறைவைத்து ஒரு பகுதியை உரத்து வாசிப்பது வழக்கம். எமது முறை வந்த ஒரு நாள் நா வறண்டு, ஒரு சொல்லிலேயே சிக்கிக்கொண்டது. சிலர் சிரித்தனர். அடுத்த முறை வந்தபோது காய்ச்சல் என்று கூறி நின்றுவிட்டோம். இரக்கமுள்ள ஆசிரியர் ஒருவர் எம் நிலையை உணர்ந்து, "இனி நீர் வாசிக்க வேண்டாம்" என்று விலக்களித்தார். அன்று மாலை எமக்கு உண்டான நிம்மதிக்கு அளவில்லை. ஆனால், அடுத்த தவணையில் வகுப்பிற் கேள்விக்கு விடை சொல்லவும் எம்மால் இயலவில்லை. அதற்கடுத்த தவணையில் வரவு கூப்பிடும்போது "வந்தேன்" என்று சொல்வதற்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

இதில் ஒரு பெரிய உண்மை உண்டு. அஞ்சியதை விட்டு விலகும்போது உடனே நிம்மதி கிடைக்கின்றது. அந்நிம்மதியே மறுபடியும் விலகும்படி மனத்தைத் தூண்டுகின்றது. இது வட்டிக்குப் பணம் வாங்குவது போன்றது. கையிற் காசு வந்த அன்று மகிழ்ச்சி. வட்டியோ நாளுக்கு நாள் ஏறுகின்றது. விலக விலக அச்சம் வளரும். "நடந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிராது" என்பதை அறியும் வாய்ப்பே மனத்திற்குக் கிடைப்பதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எமது பழமொழி. அருகே சென்று பார்த்தாலன்றோ அது பேயன்று, மரக்குற்றி என்பது தெரியும்?

எம்மை மீட்டவர் வேறோர் ஆசிரியர். பாடசாலை விட்டபின் அவர் ஒருவர்முன் மட்டும் வாசிக்கச் செய்தார். சில நாட்கள் கழித்து வெறுமையான மண்டபத்தில் நின்று வாசித்தோம். பின்னர் இரு நண்பர்முன், அதன்பின் கீழ்வகுப்புச் சிறுவர்முன், ஈற்றிற் காலைக் கூட்டத்தில் வாசித்தோம். குரல் நடுங்கவே செய்தது. ஆயினும் எவரும் சிரிக்கவில்லை. அந்த ஆசிரியர் உளவியல் நூல் எதையும் எமக்குக் காட்டினாரல்லர். அவர் செய்தது யாது என்பதைப் பல்கலைக்கழக நூலகத்திலேயே பின்னர் அறிந்துகொண்டோம்.

இம்முறையை ஆங்கிலத்தில் எக்ஸ்போஷர் தெரபி என்பர். நாம் எதிர்கொள்ளற் சிகிச்சை என்போம். 1924ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலைக் கண்டு அஞ்சிய பீற்றர் என்ற சிறு குழந்தையைப் பற்றி எழுதினார். குழந்தை விரும்பிய உணவை உண்ணும் வேளையில், கூட்டிலிருந்த முயலை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். ஈற்றிற் குழந்தை முயலைத் தடவி விளையாடியது. தென்னாபிரிக்கரான ஜோசப் வோல்ப் என்னும் வைத்தியர் 1958இல் வெளியிட்ட நூலில், அச்சங்களைச் சிறியது முதற் பெரியது வரை ஏணிபோல் வரிசைப்படுத்தி, உடலைத் தளர்த்திய நிலையில் ஒவ்வொன்றாக மனத்திற் கொணரும் முறையை வகுத்துக் காட்டினார். 1966இல் விக்டர் மேயர் என்பவர், சடங்குபோலத் திரும்பத் திரும்பச் சில செயல்களைச் செய்யாதிருக்க முடியாமல் வருந்திய இருவரை, அவர்கள் அஞ்சியதை எதிர்கொள்ளவும் அச்செயல்களைச் செய்யாதிருக்கவும் பழக்கி, அவர்கள் நலமடைந்ததை எழுதினார். அதன்பின் இம்முறை பல்கிப் பெருகி, இன்று பதகளிப்பு நோய்களுக்கு நன்கு ஆராயப்பட்ட சிகிச்சைகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

நிற்க. தொழில்வழிச் சிகிச்சை என்றால் யாது? தொழில் என்றவுடன் சம்பளம் பெறும் உத்தியோகம் என்று எண்ணிவிடலாகாது. குளித்தல், சமைத்தல், சந்தைக்குச் செல்லல், படித்தல், விளையாடல், கோயிலுக்குப் போதல் ஆகிய மனிதன் தன் நாளை நிரப்பும் செயல்கள் யாவும் இங்கு தொழிலே. நோயோ ஊனமோ இவற்றைக் கெடுத்தவிடத்து, செயலைக்கொண்டே மனிதனை மீண்டும் செயலுக்குக் கொணர்வது இச்சிகிச்சை. 1917ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூயோர்க் மாநிலத்துக் கிளிப்ரன் ஸ்பிறிங்ஸ் என்னும் ஊரில் இதற்கென ஒரு சங்கம் கூட்டப்பட்டது. உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் 1952இல் தோன்றியது. கை கால் இழந்தோருக்கு மட்டுமன்றி, மனநோயுற்றோருக்கும் இத்துறை தொடக்கம் முதலே பணியாற்றி வந்திருக்கின்றது.

இவ்விரண்டும் இணையும் வகையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு தாயை மனத்திற் கொள்ளுங்கள். இவர் விளக்கத்திற்காக நாம் படைத்துக்கொண்டவர். நெருக்கமான பஸ்ஸில் ஒருநாள் இவருக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் போகப்போகின்றது என்ற பீதி எழுந்தது. வைத்தியசாலையிற் சோதித்தபோது இருதயத்திற் குறையில்லை என்றனர். எனினும், அன்று முதல் பஸ்ஸில் ஏறாதவரானார். பின்னர் சந்தையை விட்டார். பின்னர் ஒழுங்கை முனைக் கடைக்கும் போகாதவரானார். கணவர் சாமான் வாங்குகின்றார். மூத்த மகன் தங்கையைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்கின்றான். எல்லோரும் அன்பினால் உதவுகின்றனர். அவர் உலகமோ படலையோடு முடிந்துவிட்டது.

தொழில்வழிச் சிகிச்சையாளர் இவரிடம் முதலிற் கேட்பது, "எதற்கு அஞ்சுகிறீர்கள்?" என்பது மட்டுமன்று. "முன்பு எதைச் செய்தீர்கள், மீண்டும் எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?" என்பதே முக்கிய கேள்வி. "என் கையால் மீன் பார்த்து வாங்கவேண்டும், மகளின் பரிசளிப்பு விழாவுக்குப் போகவேண்டும்" என்கிறார் அத்தாய். ஏணியின் உச்சி இப்போது தெரிந்துவிட்டது. அடுத்து, சந்தைக்குப் போதல் என்னும் செயலைப் பகுத்துப் பார்ப்பர். உடுத்தல், படலையைத் திறத்தல், ஒழுங்கையில் நடத்தல், பஸ் தரிப்பிற் காத்திருத்தல், ஏறுதல், சனக்கூட்டத்தில் நிற்றல், விலை பேசுதல், திரும்பி வருதல் என அதில் எத்தனை பகுதிகள்! ஒவ்வொன்றுக்கும் எழும் அச்சத்தை 0 முதல் 100 வரை அவரே மதிப்பிடுவார். 30 என்று சொன்னதில் தொடங்கலாம். 90 என்று சொன்னது பின்னர் வரும்.

ஒவ்வொரு படியிலும் முன்கூட்டி ஒரு கேள்வி உண்டு: "என்ன நடக்கும் என்று எண்ணுகிறீர்கள்?" அவர், "மயங்கி விழுவேன்" என்கிறார். செய்து முடித்தபின் மற்றொரு கேள்வி: "நடந்தது யாது?" இவ்விரு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே மருந்து. படபடப்பையே ஆபத்தாக எண்ணி அஞ்சுபவருக்கு, படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குவதும் உண்டு. மாடிப்படி விரைந்து ஏறுதல், கிணற்றில் தண்ணீர் அள்ளுதல், முற்றம் கூட்டுதல் ஆகிய வீட்டுச் செயல்களே இதற்குப் போதும். நெஞ்சு வேகமாக அடித்தாலும் உயிர் போவதில்லை என்பதை உடலே கற்றுக்கொள்கின்றது.

ஒன்றை மறத்தலாகாது. கையிற் தண்ணீர்ப் போத்தல் இருந்தாற்றான் போவேன், கணவர் கூட நின்றாற்றான் ஏறுவேன், வாசலருகே நின்றாற்றான் பயணஞ் செய்வேன் என்னும் ஊன்றுகோல்களும் நாளடைவில் விடப்படல் வேண்டும். இல்லையேல், "போத்தல் இருந்தபடியாற் பிழைத்தேன்" என்று மனம் கூறிக்கொள்ளும். மேலும், பழைய அச்சம் அடியோடு அழிவதில்லை. அதன் பக்கத்திலே புதிய அறிவு ஒன்று வளர்ந்து அதனை அடக்கி நிற்கின்றது என்பதே இக்கால ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஆதலால், ஒரு சந்தை, ஒரு நேரம், ஒரு பஸ் என்றிராமல், பல இடங்களிலும் பல வேளைகளிலும் பழகுதல் நன்று. அன்றாடத் தொழிலோடு பயிற்சியை இணைத்தலின் நன்மை இங்கே தான் விளங்கும். வைத்தியசாலை அறையில் பெற்ற தைரியம் அறையோடு நின்றுவிடலாம். மீன் வாங்கப் போய்ப் பெற்ற தைரியமோ, மறுநாளும் கறி வேண்டுமாகையால், மறுநாளும் பயிற்சி பெறும்.

எச்சரிக்கையும் கூறவேண்டும். நீந்தத் தெரியாதவனைக் கேணியில் தள்ளிவிடுவது சிகிச்சையன்று. நோயாளியின் சம்மதமின்றி ஒரு படியும் ஏற்றலாகாது. இருதய நோய் முதலியன இல்லையென்பதை வைத்தியர் முதலில் உறுதி செய்தல் வேண்டும். நோயை நிர்ணயிப்பதும் திட்டம் வகுப்பதும் பயிற்சி பெற்றோர் கூடிச் செய்யும் வேலை. உண்மையில் ஆபத்து உள்ள இடத்தில் அஞ்சுவது நோயுமன்று. அடிக்கும் கைக்கு அஞ்சும் பெண்ணுக்குத் தேவை பாதுகாப்பே, பயிற்சியன்று.

இம்முறை எமது நாட்டிலும் ஆராயப்பட்டதுண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதிச் சுனாமியின் பின், இலங்கையின் வடகிழக்கில், போராலும் கடலாலும் தாக்குண்ட 31 சிறுவர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தாம் பட்டவற்றை ஒழுங்காக எடுத்துரைக்கும் எதிர்கொள்ளற் சிகிச்சையும், மறு பிரிவினர் தியானமும் உடற்தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகள் பெற்றனர். 2009இல் வெளிவந்த கட்டுரைப்படி, ஆறு மாதங்களின் பின் முதற் பிரிவில் நூற்றுக்கு 81 பேரும், மறு பிரிவில் நூற்றுக்கு 71 பேரும் தேறியிருந்தனர். சிறு தொகையாதலால் இவ்வேறுபாட்டைக் கொண்டு ஒன்று மற்றதிலும் மேலென்று கூறவியலாது. இக்காலத்தில் அதிர்ச்சிக்குப் பின் வரும் நோயைத் தனி வகையிற் சேர்ப்பர் என்பதும் உண்மை. எனினும், இத்தகைய துயருக்கும் வழியுண்டு என்பதை இச்சிறுவர் காட்டியுள்ளனர்.

அன்பர்களே, எம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மகள் வெளியே வர அஞ்சுகின்றாள் என்றால், "ஊர் அறிந்தாற் சம்பந்தம் குழம்பிவிடும்" என்று மூடி மறைக்கின்றோம். மகன் வகுப்புக்குப் போக அஞ்சினால், சோம்பேறி என்று ஏசுகின்றோம். அல்லது அவன் செய்யவேண்டியதையெல்லாம் நாமே செய்துகொடுக்கின்றோம். ஏச்சு அவனை உள்ளே தள்ளுகின்றது. அளவுகடந்த உதவி அவனை உள்ளேயே இருத்துகின்றது. எமக்கு விலக்களித்த ஆசிரியரின் அன்பில் நாம் ஐயங்கொள்ளவில்லை. ஆனால், எம்மைப் படியேற்றியது மற்றவரின் பொறுமையே.

ஆதலால், பெரியோரிடம் ஒரு வேண்டுகோள்: ஒளியாதீர்கள், அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். இளைஞரிடம் ஒரு வேண்டுகோள்: மேடையில் நா தடுமாறுபவனைக் கண்டு சிரியாதீர்கள். பேச அஞ்சும் உறுப்பினருக்கு முதலிற் கதிரை அடுக்கும் வேலையும், பின்னர் வருவோரை வரவேற்கும் வேலையும், அதன்பின் அறிக்கை வாசிக்கும் வேலையும் அவர் சம்மதத்தோடு கொடுங்கள். கூட்டங்களுக்கு வராதுவிட்ட அயலவரின் படலையை ஒருநாள் தட்டுங்கள். அவர் விரும்பினால் ஒழுங்கை முனை வரை கூட நடவுங்கள். அதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.

பேசத் தொடங்கியபோது எம் கைகள் குளிர்ந்திருந்தன என்றோம். இப்போதும் முற்றாகச் சூடேறவில்லை. ஆயினும், பேசி முடித்துவிட்டோம்.